முகாமில் இருக்கிறோம், எந்த மாத்திரை வாங்கி வைக்கலாம்?

கேள்வி: பள்ளிக்கரணை வாசகர் ஒருவர், 5 டிசம்பர் 2023, காலை 10.40

வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நேற்று இரவிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறோம். நான், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மட்டும் திறந்திருக்கிறது. கையில் 2,000 ரூபாய்தான், சிக்னல் இல்லாததால் ஜிபே எதுவும் வேலை செய்யவில்லை. எந்தெந்த மாத்திரை வாங்கி வைக்கலாம்? ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ் கையில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

5 டிசம்பர் 2023, காலை 11.20

ஆன்டிபயாட்டிக் வேண்டாம். அந்த 2,000 ரூபாயை அப்படியே மருந்துக்கடையில் கொட்டிவிட்டு வராதீர்கள்.

மாமியாருக்கு பிபி, சுகர் மாத்திரை உண்டென்றால் அதுதான் முதல் செலவு. பத்து நாளைக்கு வாங்குங்கள், மூன்று நாளில் வீடு திரும்பிவிடுவோம் என்று எல்லாரும்தான் நினைப்போம். அடுத்து ஓஆர்எஸ் பாக்கெட் (வயிற்றுப்போக்கானால் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி), குளோரின் மாத்திரை ஒரு அட்டை, பாராசிட்டமால், பிளாஸ்டர், புண்ணுக்குப் போட ஒரு அயோடின் களிம்பு. மருந்துக்கடை வேலை அவ்வளவுதான். மீதிப் பணத்துக்கு மூடி போட்ட வாளி, நீளக் கைப்பிடி உள்ள ஒரு மொள்ளும் குவளை, ஆளுக்கொரு ரப்பர் செருப்பு, சோப்பு, டார்ச், கொஞ்சம் நைலான் கயிறு.

எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்றால், 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு எங்கள் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் வந்தது. அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது இரண்டாவது மாடிப் படிக்கட்டு வரை தண்ணீர் என்பது மட்டும்தான். அம்மா, அக்கா, அக்காவின் ஆறு வயதுப் பையன், நான், நான்கு பேரும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் இருந்தோம். எங்கள் வகுப்பறையில் ஏறத்தாழ நாற்பது பேர். ஒருவருக்குக்கூட உடம்புக்கு வரவில்லை. காரணம் மாத்திரை இல்லை, தண்ணீரை நாங்கள் பார்த்துக்கொண்ட விதம்.

5 டிசம்பர் 2023, காலை 11.45

குளோரின் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். எங்களுக்குக் கொடுத்தது 20 லிட்டருக்கு ஒன்று. எங்கள் வகுப்பறையில் ஒரு மாமா அதை ஒரு டம்ளரில் போட்டுக் கரைத்து மடமடவென்று குடித்துவிட்டார். "நீச்சல் குளத்தையே குடிச்ச மாதிரி இருக்கு" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டிவிட்டு அப்புறம் மாத்திரை. போட்டபின் அரை மணி நேரம் விட வேண்டும். லேசாக குளோரின் வாடை வந்தால் நல்லதுதான், அதற்காக மூக்கைச் சுளித்துக் கீழே ஊற்றாதீர்கள். அடுப்பு வசதி இருந்தால் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும். அரை மணி நேரம் கொதிக்கவிட்டு கேஸைத் தீர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

5 டிசம்பர் 2023, இரவு 9.10

காலையில் "தண்ணீரைப் பார்த்துக்கொண்ட விதம்" என்று எழுதிவிட்டு விளக்கவில்லை.

மெட்ரோ வாட்டர் லாரி காலையில் வரும். வரும்போது தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அதைத் தாழ்வாரத்தில் ஒரு நீல டிரம்மில் பிடித்து வைத்தார்கள், வாய் அகலமான டிரம். பக்கத்தில் சங்கிலியில் கட்டாத ஒரு டம்ளர். பிள்ளை கழிவறைக்குப் போய்விட்டு ஓடி வரும், டம்ளரை முழங்கை வரை உள்ளே விட்டு மொள்ளும், குடிக்கும், மிச்சத்தை டிரம்மிலேயே ஊற்றும். ஏன் வீணாக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். இரண்டாம் நாள் அம்மா இதைப் பார்த்துவிட்டு, யாரோ தூக்கிக்கொண்டு வந்திருந்த மூன்று பிளாஸ்டிக் குடங்களை வாங்கி, டிரம்மிலிருந்து அவற்றில் நிரப்பி, எங்கள் அறைக்கென்று வைத்துக்கொண்டார். குடத்தைச் சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும், கை உள்ளே போகக் கூடாது. அம்மா குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வாட்ச்மேன் மாதிரி.

பிறகு ஒரு நாள் படித்தேன். 1990களில் மலாவியில் மொசாம்பிக் அகதிகள் இருந்த முகாமில், கை விட முடியாதபடி மூடியும் சிறு மூக்கும் வைத்த வாளியைச் சில குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்ததாம். தண்ணீர் ஒன்றுதான், மாறியது பாத்திரத்தின் வாய் மட்டும். நம் ஊர் குடத்தின் கழுத்தை அப்படிக் குறுக்கி வார்த்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

டிரம்தான் இருக்கிறது, குடம் இல்லையென்றால்? காலையில் சொன்ன நீளக் கைப்பிடிக் குவளை அதற்குத்தான். அதைத் தவிர வேறு எதுவும் டிரம்முக்குள் போகக் கூடாது.

6 டிசம்பர் 2023, காலை 7.30

ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தப் பாக்கெட் என்பதைப் பொறுத்தது. பெரிய பாக்கெட், சுமார் 21 கிராம், ஒரு லிட்டருக்கு. சின்னது, 4 கிராம் சொச்சம், 200 மில்லிக்கு. பெரியதை டம்ளரில் கலக்கினால் உப்பு அதிகமாகிப் பிள்ளைக்கு இன்னும் மோசமாகும். சின்னதை ஒரு லிட்டரில் கலக்கினால் சும்மா தண்ணீர்.

பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாக. பிள்ளை சோர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் போகாமல் இருந்தால் அப்புறம் ஸ்பூன் கணக்கெல்லாம் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

6 டிசம்பர் 2023, மாலை 6.00

கால்.

செருப்பைப் பற்றி நேற்று ஒரே ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். எனக்கு ஒன்பது நாளில் வந்த ஒரே கஷ்டம் காலில்தான். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தினமும் முழங்கால் தண்ணீரில் நடந்தேன், செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்கிறது என்று வெறுங்காலோடு. நான்காம் நாள் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி, தோல் வெடித்து, நடந்தால் உயிர் போனது. சேற்றுப்புண். பாட்டி காலத்து வைத்தியம் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும், போட்டேன். ஆனால் குணமாக்கியது எண்ணெய் இல்லை, தண்ணீருக்குள் போகாமல் இரண்டு நாள் காலைக் காயவிட்டதுதான். இரவு படுக்கும்முன் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுங்கள். வேறு செலவில்லை.

அந்தப் புண் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், அதில் வெடித்த தோல். ஒரு வாரம், பத்து நாள் கழித்துகூட காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் டாக்டரிடம் "வெள்ளத் தண்ணீரில் நடந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு மருத்துவ முகாமில் வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள், தண்ணீரில் இறங்கி நடந்தவர்களுக்கு மட்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிடையாது. அதைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். குளோரின் மாமா இதையும் விடவில்லை. தண்ணீர் இல்லாமல் முழுங்கிவிட்டு உடனே படுத்தார். நெஞ்சு எரிகிறது, ஹார்ட் அட்டாக் என்று இரவு இரண்டு மணிக்கு எல்லாரையும் எழுப்பினார்.

(ஆமாம், டாக்சிசைக்ளினும் ஆன்டிபயாட்டிக்தான். "வேண்டாம்" என்று நான் சொன்னது நீங்களாக வாங்கி வைத்து, வயிறு கலங்கினால் இரண்டு போட்டுக்கொள்வதை.)

7 டிசம்பர் 2023, இரவு 10.30

இந்த இழையை அக்காவுக்கு அனுப்பியிருந்தேன், பாராட்டுவாள் என்று. இப்போதுதான் போன் வைத்தாள்.

"ஒருவருக்குக்கூட உடம்புக்கு வரவில்லைன்னு எழுதியிருக்கியே, உனக்கு எப்படிடா தெரியும்?"

அவளுக்கு ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல் வந்திருக்கிறது. சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. மருத்துவ முகாமில் நர்ஸிடம் மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். (ஆன்டிபயாட்டிக், தெரிகிறது.) அவள் மட்டும் இல்லை, அந்த அறையில் இன்னும் மூன்று பெண்களுக்கு. எட்டு வருடம் கழித்து இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

காரணம் தண்ணீர் கெட்டது இல்லை. தண்ணீரே குடிக்காதது. பள்ளிக்கூடம் முழுக்க 300 பேர் இருந்திருப்போம், கழிவறை நான்கு. இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மைதானத்தின் மறு கோடியில், கரண்ட் இல்லாத இருட்டில், வாசலில் எப்போதும் நான்கைந்து ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெண்கள் வாயில் தண்ணீரே வைக்கவில்லையாம், விடியும் வரை அடக்கிக்கொண்டார்களாம். நான் குடத்தையும் மூடியையும் பற்றி மூன்று பத்தி எழுதினேனே, அந்தக் குடத்துத் தண்ணீரைப் பாதிப் பேர் குடிக்கவே இல்லை.

உலக அளவில் நிவாரணப் பணிக்கென்று வைத்திருக்கும் ஸ்பியர் அளவுகோலில், அவசரத்தின் தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு கழிவறை, பிறகு 20 பேருக்கு ஒன்று என்று இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட மூன்று மடங்கு ஒதுக்கச் சொல்கிறது, உள்ளே தாழ்ப்பாளும் வெளிச்சமும் வேண்டும் என்கிறது. நான் படித்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அங்கே என் அக்கா இருந்தாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்புறம் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். ஆறாம் நாள் ஒரு பாட்டி சாக்பீஸை எடுத்து நான்கு கதவில் இரண்டில் "பெண்கள்" என்று எழுதிவிட்டாராம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் எதிர்த்துக் கேட்கவும் இல்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவில் நைலான் கயிறு கட்டி உள்ளே இருப்பவர் கையில் சுற்றிக்கொள்வது. இரவில் ஐந்து பேராகச் சேர்ந்து ஒரே டார்ச்சோடு போவது. வயதானவர்களுக்கு வகுப்பறை மூலையில் இரண்டு பெஞ்சை நிறுத்திப் புடவை கட்டி, உள்ளே ஒரு வாளி, மேலே பிளீச்சிங் பவுடர், மூடி.

"நீ மூடி போட்ட வாளி வாங்குன்னு சொல்றியே, அது தண்ணிக்கு இல்லடா, இதுக்குத்தான் வாங்கினோம்."

ஆகவே திருத்தம்: வாளி இரண்டு. வேறு வேறு நிறத்தில்.

8 டிசம்பர் 2023, காலை 8.15

பள்ளிக்கரணை நண்பருக்கு: மண்டபத்துக் கழிவறை எத்தனை, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா என்று உங்கள் மனைவியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். நீங்கள் போய்ப் பார்த்து எழுத வேண்டாம்.

அக்கா சேர்க்கச் சொன்னது: மாதவிலக்குத் துணியைப் பலர் வெட்கப்பட்டு ஈரத்தோடு வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டார்கள். அது காயாது, அரிப்பும் புண்ணும்தான் வரும். நாப்கின் வாங்கினால் சுற்றிப் போட பழைய பேப்பரும் மூடியுள்ள ஒரு குப்பைக்கூடையும் பெண்கள் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அடுத்தது பிள்ளைகள். பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, கழிவறைக்கோ சாப்பாட்டு வரிசைக்கோ தனியாக அனுப்பாதீர்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர் பிஸ்கட் தருகிறேன் என்று கூப்பிட்டாலும்தான்.

8 டிசம்பர் 2023, மதியம் 2.40

மாமியாருக்கு இன்சுலின் என்று எழுதியிருக்கிறீர்கள், முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இதில் நான் செய்த இரண்டு தப்பையும் சொல்கிறேன்.

பிரிட்ஜ் இல்லை என்று பதறி, ஒரு மீன் வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கி, அம்மாவின் இன்சுலின் குப்பியை அதற்குள் புதைத்தேன். உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, ஒரு முழுக் குப்பி போயிற்று. உண்மையில் அவ்வளவு பதற்றம் தேவையே இல்லை. பயன்பாட்டில் இருக்கும் குப்பி வெயில் படாத இடத்தில் அறை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும். மீதிக் குப்பிகளுக்கு மண் சட்டி போதும்: பெரிய சட்டியில் ஈர மணல், நடுவில் சின்னச் சட்டி, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய குப்பி, மேலே ஈரத்துணி. கென்யாவின் தாதாப் அகதிகள் முகாமில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வெப்பத்தை அளந்து பார்த்து, 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கினாலும் நான்கு வாரம் வீரியம் குறையவில்லை என்று 2021ல் வெளியிட்டார்கள். ஆனால் நம் ஊரில் ஈரமான டிசம்பர் காற்றில் சட்டி அவ்வளவு குளிராது, வறண்ட காற்றில்தான் நன்றாகக் குளிரும். டிசம்பரில் அவ்வளவு சூடும் இருக்காது என்பதால் சரிக்குச் சரி.

இரண்டாவது தப்பு பெரியது. வழக்கம்போலக் காலை ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டோம். சாப்பாட்டு வண்டி வந்தது பத்தரைக்கு. ஒன்பதரைக்கே அம்மாவுக்குக் கை நடுக்கம், வியர்வை, என் பெயரை மாற்றிச் சொன்னார். யாரோ வாயில் சர்க்கரையைக் கொட்டினார்கள், பிழைத்தார். முகாமில் சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை.

8 டிசம்பர் 2023, மாலை 5.20

சாப்பாட்டுப் பொட்டலம்: வந்ததும் சாப்பிடுங்கள், இரவுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். எங்களுக்கு ஒரு நாள் ஒரு வாய் சோறு இல்லை, மறுநாள் நான்கு குழுக்கள் நான்கு விதமான புளிசாதத்தோடு வந்தார்கள். ஆசைப்பட்டுப் பதுக்கியதில் ஒன்று சாயங்காலமே நூல் விட்டது. பிறகு அந்தப் பழைய துணி மூட்டைகள். ஷெர்வானி ஒன்று வந்தது, ஜரிகை வைத்தது. நான்தான் போட்டுக்கொண்டேன், வேறு காய்ந்த துணி இல்லை.

கைக்குழந்தைக்குப் பால் பவுடர் டப்பா இனாமாகக் கிடைக்கிறது, கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: தாய்ப்பால் கொடுக்கிறவர் என்றால் வாங்காதீர்கள். பவுடர் கெடுதல் இல்லை, அதைக் கலக்கும் தண்ணீரும் புட்டியும்தான். 2006ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு, இனாம் பவுடர் வாங்கிய வீட்டுப் பிள்ளைகளில் வயிற்றுப்போக்கு மற்றவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. பயத்தில் பால் வற்றிவிட்டது என்று பாட்டிகள் சொல்வார்கள். பால் இறங்கத் தாமதமாகும், வற்றுவதில்லை. அம்மாவுக்குச் சாப்பாடும் மறைவான ஓர் இடமும் கொடுங்கள்.

11 டிசம்பர் 2023, காலை 9.00

நண்பர் வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். மண்டபத்தில் பெண்கள் பக்கம் விளக்கு போட்டுவிட்டார்களாம், ஒரு ஜெனரேட்டர்காரர் வயர் இழுத்துக் கொடுத்தாராம். (ஜெனரேட்டரை எப்போதும் வெளியில் வையுங்கள், ஜன்னலுக்கு அடியில்கூட வேண்டாம். அந்தப் புகையில் வாடையே தெரியாத விஷம் இருக்கிறது.)

வீட்டுக்குள் போகும்போது: மெயினைப் போடும் முன் எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்து போய் பூஜை அறையில் நின்றது, ரெகுலேட்டரைச் சோதிக்காமல் பற்ற வைக்காதீர்கள். அலமாரிக்குப் பின்னால் கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள், பாம்பும் இடம் பெயர்ந்து வந்திருக்கும். சம்ப்பை முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நிரப்பி, அந்த முதல் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பிய பிறகுதான் புழங்க வேண்டும்.

எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. குளோரினும் கொதிநீரும் கிருமியைத்தான் கொல்லும், எண்ணெயை ஒன்றும் செய்யாது. லாரித் தண்ணீர்தான் வழி.

20 டிசம்பர் 2023, இரவு 8.00

காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் இந்த இழையைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். அங்கே ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. 2015ல் எங்களுக்குப் பெய்த 49ஐச் சொல்லிச் சொல்லி எட்டு வருடம் பெருமையடித்தேன், இனி வாயைத் திறக்க முடியாது. வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் இருந்தவர்களுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் போட்டிருக்கிறார்கள்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்கள் பள்ளிவாசலில் பெண்களுக்கு மேல்மாடியைக் கொடுத்துவிட்டோம், வேறு என்ன செய்யலாம்?" அக்கா பதில் சொல்லச் சொன்னாள்: மேல்மாடியில் கழிவறை இருக்கிறதா?

இல்லையாம். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு வாளி ஏற்றிவிட்டோம் என்று எழுதினார்.

28 அக்டோபர் 2025, காலை 7.00

தூசு தட்டுகிறேன். ஓஆர்எஸ் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். கடையில் அட்டைப்பெட்டியில் ஸ்ட்ராவோடு ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்றார்களே, இனிப்புப் பானம், அதை நான் வாங்கியிருக்கிறேன், அக்கா பையனுக்குக் கொடுத்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எதிலும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதம் உத்தரவிட்டிருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு அந்த அளவு சர்க்கரை ஆகாது. பழைய சரக்கு கடையில் இன்னும் இருக்கலாம், பாக்கெட் பவுடரையே கேட்டு வாங்குங்கள்.

மழை தொடங்கிவிட்டதால் நேற்று பரணிலிருந்து அவசரப் பையை இறக்கினோம். ஓஆர்எஸ் காலாவதி. குளோரின் மாத்திரை பொடியாகிவிட்டது. டார்ச்சில் செல் கசிந்து ஸ்பிரிங் பச்சையாகிக் கிடக்கிறது. செருப்பு பையனுக்கு இப்போது பாதிப் பாதத்துக்குத்தான் வருகிறது, அவனுக்குப் பதினாறு வயது. நைலான் கயிறு மட்டும் புதிது மாதிரி இருக்கிறது.

இரண்டு வாளியில் ஒன்றைக் காணவில்லை. தேடினால் சமையலறையில் இட்லி அரிசி நிரம்பி இருக்கிறது. அது தண்ணீர் வாளிதான் என்று அக்கா அடித்துச் சொல்கிறாள். நிறம் எது எதற்கு என்று 2023ல் எழுதி வைத்திருக்க வேண்டும்.